தெருவிளக்கும் நீதிமன்றமும்

திருவாரூர் என்றவுடன் தமிழர் நெஞ்சில் இரண்டு தேர்கள் தோன்றும். ஒன்று தியாகராசப் பெருமானின் ஆழித் தேர். மற்றொன்று கன்றைக் கொன்ற இளவரசன்மீது தந்தையே ஏற்றிய தேர். பசுவின் கண்ணீருக்குத் தன் மைந்தனின் உயிரையே விலையாகத் தந்த மனுநீதிச் சோழனின் கதை வரலாறா, புனைவா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். முறையிட வந்தது வாயற்ற விலங்கு. குற்றம் சாட்டப்பட்டவன் அரசன் மகன். ஆயினும் வழக்கு ஒன்றே, நீதி ஒன்றே என்று அக்கதை கூறுகின்றது. ஒரு சமுதாயம் தன் நீதியுணர்வை எந்த உயரத்தில் வைத்துப் போற்றியது என்பதற்கு அதுவே சான்று.

அதே திருவாரூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் ஏழைச் சிறுவன் வளர்ந்தான். கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எடுபிடியாக இருந்த அச்சிறுவனே பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானான். அவரே சர் தி. முத்துசாமி ஐயர். தெருவிளக்கின் ஒளியில் படித்து உயர்ந்தவர் என்று தமிழ்ப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக அவர் கதை சொல்லப்பட்டு வருகின்றது. கதை நல்ல கதைதான். ஆனால் விளக்கின் ஒளியை மட்டும் பார்த்து நின்றுவிட்டால், அவ்வாழ்க்கையின் மெய்யான பாடம் இருளில் மறைந்துவிடும்.

ஒரு ரூபாய்ச் சம்பளம்

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். கணவரை இழந்த தாயார், வறுமையின் காரணமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவாரூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சிறுவன் தமிழும் கணக்கும் கற்றான். பன்னிரண்டாம் வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கணக்கர் வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. ஏறத்தாழ அக்காலத்திலேயே தாயாரும் மறைந்தார். தம் குணத்தைச் செப்பனிட்டவர் தாயாரே என்பதை ஐயர் தம் வாழ்நாளின் இறுதிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

காவிரிப் பாசனத்து நாட்டில் கணக்கர் வேலை என்பது எளிதன்று. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு விளைச்சல், எவ்வளவு வரி, எவர் பாக்கி என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். ஆனால் தாசில்தார் கேட்கும் நேரத்தில் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அச்சிறுவனோ ஏட்டிலுள்ளதை மனத்தில் ஏற்றி வைத்திருந்தான். ஒருநாள் கரை உடைந்ததாகச் செய்தி வந்தபோது, அலுவலகத்தில் எழுத்தர் எவரும் இல்லை. அங்கிருந்த சிறுவனே முன்வந்து வேண்டிய விவரங்களை ஒழுங்காகத் திரட்டித் தந்தான் என்பர். திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கரின் கண் அவன்மீது விழுந்தது.

அந்தத் தாசில்தாரின் பெயரை வரலாறு மறந்துவிடலாகாது. எடுபிடிச் சிறுவன் ஒருவன் திறமையாக வேலை செய்தால், அவனை அந்த வேலையிலேயே வைத்துக்கொள்வதுதான் மேலாளர்களின் இயல்பு. நாயக்கரோ, தம் உறவினர் பிள்ளை படிக்கச் சென்றபோது அவனுக்குத் துணையாக முத்துசாமியையும் சென்னைக்கு அனுப்பி வைத்தார். பயன்படும் கையைத் தம்மிடமிருந்து விடுவித்த அப்பெருந்தன்மையே, பின்னர் வந்த அத்தனை பட்டங்களுக்கும் வித்து.

பரிசும் கடலும்

சென்னையில் சர் ஹென்றி மாண்ட்கோமரியின் பள்ளியில் முத்துசாமி சேர்ந்தார். ஆண்டுதோறும் பரிசுகள் அவரையே வந்தடைந்தன. தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்த கதை இப்பருவத்தைச் சார்ந்தது. 1854இல் சென்னை மாகாண மாணவர்களுக்கிடையே கல்வி மன்றம் நடத்திய ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். பரிசுத்தொகை 500 ரூபாய். மாதம் ஒரு ரூபாய் பெற்ற சிறுவனுக்கு அது நாற்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்டது.

அப்பரிசு அவரைச் சர் அலெக்சாண்டர் அர்பத்நாட், நீதிபதி ஹாலோவே போன்ற பெரியோர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது. வில்லியம் ஹாலோவே ரோமானியச் சட்டத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். ஜெர்மானியச் சட்ட அறிஞர் சாவிக்னி போன்றோரின் கருத்துகளைத் தம் தீர்ப்புகளில் எடுத்தாண்டவர். சட்டம் என்பது விதிகளின் தொகுப்பு மட்டுமன்று, வரலாறும் தருக்கமும் இணைந்த அறிவியல் என்ற நோக்கு, இத்தகையோரின் வாயிலாகவே சென்னைக்கு வந்தது.

இக்கட்டத்தில் ஐயருக்கு ஒரு பெரும் வாய்ப்பு வந்தது. இங்கிலாந்து சென்று சிவில் சர்வீஸ் தேர்வு எழுத உதவுவதாக ஆங்கிலேயர் முன்வந்தனர். ஐயர் மறுத்துவிட்டார். அவர் பிராமணர்; மணமானவர்; கடல் கடந்தால் சாதி கெடும் என்பது அக்கால வழக்கம். 1863இல் வங்காளத்துச் சத்தியேந்திரநாத் தாகூர் அத்தேர்வில் வென்று முதல் இந்தியராக அப்பணியில் சேர்ந்தார். அவ்வழியில் ஐயர் அடியெடுத்து வைக்கவில்லை.

கெடா மாநிலத்துத் தமிழ் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். ஐயர் கடல் கடக்க மறுத்த அதே காலத்தில், அதே தஞ்சை மண்ணின் உழவர் மக்கள் நாகப்பட்டினத் துறையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தனர். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் அவர்கள் வியர்வையில் வளர்ந்தன. பின்னர் ரப்பர் வந்தபோது, ஜெராய் மலையின் அடிவாரத்திலும், பீடோங், குரூண், சுங்கை பட்டாணி வட்டாரங்களிலும் அவர்கள் வழித்தோன்றல்களும் புதிதாக வந்தோரும் காடு வெட்டினர். ஒருவருக்குக் கடல் சாதியைக் கெடுப்பது. மற்றவர்க்குக் கடல் வயிற்றை நிரப்புவது. கடல் ஒன்றுதான், கரையில் நின்றோரின் நிலைதான் வேறு.

படிப்படியாக ஏறியவர்

இங்கிலாந்து செல்லாத ஐயர் சிறிய அரசுப் பணிகளில் புகுந்தார். முதலில் பள்ளி ஆசிரியர். பின்னர்த் தஞ்சையில் ஆவணக் காப்பாளர். 1856இல் பள்ளிகளின் துணை ஆய்வாளர். அக்காலத்தில் வழக்கறிஞர் தொழிலுக்கான தேர்வைச் சென்னை அரசு புதிதாக ஏற்படுத்தியது. முதன்முதல் நடந்த அத்தேர்வில் ஐயர் முதலிடம் பெற்றார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரும், பின்னர்த் திருவிதாங்கூரின் திவானாகப் புகழ்பெற்றவருமான சர் டி. மாதவராவையும் அவர் அத்தேர்வில் விஞ்சினார்.

அதன்பின் அவர் ஏறிய படிகள் இவை: தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப், 1859இல் தஞ்சையில் துணை ஆட்சியர், 1865இல் தென் கன்னட மாவட்டத்தில் சார்பு நீதிபதி, 1868இல் சென்னை நகர மாஜிஸ்திரேட்டு, பின்னர்ச் சென்னைச் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதி. மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிக்கொண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்ட இளங்கலைத் தேர்வையும் எழுதித் தேறினார். பலரை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் பதவியில் இருப்பவர், மாணவர்களோடு மாணவராக அமர்ந்து தேர்வு எழுதுவதற்கு அறிவு மட்டும் போதாது, அடக்கமும் வேண்டும்.

ஆங்கில மரபில் உயர்நீதிமன்ற நீதிபதியாவோர் பெரும்பாலும் வழக்கறிஞர் மன்றத்தில் பேர் பெற்று, நடுவயதில் நேரே மேல்மன்றத்தில் அமர்வோர். ஐரோப்பியக் கண்டத்து மரபு வேறு. ஜெர்மனியில் நீதிபதி என்பவர் இளமையிலேயே அரசுத் தேர்வுகளில் தேறி, சிறிய மன்றத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலேறுவார். நீதி வழங்குதலே அவர் வாழ்நாள் தொழில். 1877இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1879ஆம் ஆண்டு அக்டோபரில் லைப்சிக் நகரில் ஜெர்மன் பேரரசின் உச்ச நீதிமன்றம் தொடங்கியபோது, அத்தகைய நீதிபதிகளே அதனை நிரப்பினர். முத்துசாமி ஐயரின் வாழ்க்கை ஆங்கில ஆட்சியில் நிகழ்ந்தாலும், அதன் அமைப்பு அந்த ஜெர்மானிய நீதிபதிகளின் வாழ்க்கையையே ஒத்தது. முன்சீப் மன்றத்து வாய்க்கால் தகராறு முதல், ஜமீன்களின் வாரிசு வழக்கு வரை, எல்லாவற்றையும் தம் காதால் கேட்டவர் அவர். வயலின் வரப்பு, கோயிலின் மரியாதை, கூட்டுக் குடும்பத்தின் உட்பூசல் ஆகியவற்றை அவர் நூலில் படித்து அறியவில்லை. திருவாரூர்க் கணக்கரின் திண்ணையிலேயே அறிந்தார்.

மூன்று ரூபாய்த் தண்டனை

சென்னை மாஜிஸ்திரேட்டாக அவர் இருந்தபோது நிகழ்ந்த வழக்கு ஒன்றை அவர் வரலாற்றை எழுதியோர் எடுத்துரைப்பர். ஐரோப்பியர் ஒருவரின் வீட்டு வளாகத்துள் இந்திய இளைஞன் ஒருவன் நுழைந்துவிட்டான். வீட்டுக்காரர் அவனை அடித்தார். இளைஞன் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டான். அடித்தவரோ சாதாரணமானவர் அல்லர். சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி. ஐயர் அவருக்கு அழைப்பாணை அனுப்பினார். அத்தகையவரை நேரில் வரச் செய்யவேண்டாம் என்று அறிவுரை வந்தபோதும் ஐயர் இணங்கவில்லை. விசாரணை நடந்தது, குற்றம் மெய்ப்பட்டது, அபராதம் மூன்று ரூபாய் விதிக்கப்பட்டது.

அபராதத் தொகையைக் கண்டு சிரிப்போர் உண்டு. ஆனால் அக்காலச் சட்ட நிலையை அறிந்தால் சிரிப்பு அடங்கும். 1872இன் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே ஐரோப்பியப் பிரிட்டானியக் குடிகளை இந்திய நடுவர் விசாரிக்க இயலாது. அந்த வேற்றுமையை நீக்க 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்தியாவிலிருந்த வெள்ளையர் சமுதாயமே கொதித்தெழுந்து, அதனை வலுவிழக்கச் செய்தது. அத்தகைய காலத்தில், தமக்கு மேற்பட்ட மன்றத்தின் நீதிபதியையே தம் மன்றத்திற்கு வரவழைத்தது எளிய செயலன்று. மூன்று ரூபாய் என்பது தண்டனையின் அளவு. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே சட்டத்திற்குக் கட்டுப்பட்டு நின்றனர் என்பதே தீர்ப்பின் அளவு. தேர்க்காலில் மகனைக் கிடத்திய சோழனின் ஊர்க்காரர், தம் காலத்திற்கு ஏற்ற சிறிய தேர் ஒன்றை ஓட்டிக் காட்டினார் எனலாம்.

ஒரு நியமனமும் ஒரு நாளேடும்

சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பெற்றது. கல்கத்தாவில் 1863ஆம் ஆண்டிலேயே சம்புநாத் பண்டிதர் என்னும் இந்தியர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். சென்னையில் அந்நாள் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1878இல் முத்துசாமி ஐயர் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 46. அதே ஆண்டில் சி.ஐ.இ. என்னும் பட்டமும் அளிக்கப்பட்டது.

சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இந்நியமனத்தைக் கண்டித்து எழுதின. இந்தியர் ஒருவர் அவ்வுயர்ந்த இருக்கைக்குத் தக்கவரா என்பதே அவ்வேடுகளின் கேள்வி. அதற்கு மறுமொழி கூற இந்தியர் கையில் வலுவான ஆங்கில ஏடு ஒன்றும் இல்லை. அக்குறையை உணர்ந்த இளைஞர் அறுவர் ஒன்றுகூடினர். ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் ஆகிய இரு ஆசிரியர்களும், டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நான்கு சட்ட மாணவர்களும் அவ்வறுவர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாக் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 'தி இந்து' என்ற வார ஏட்டை வெளியிட்டனர். முதல் இதழ் 80 படிகள் அச்சாயின. அவ்வேடு பின்னர் நாளேடாகி இன்றுவரை வெளிவந்துகொண்டிருக்கின்றது. அதே சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். பாரதியார் பணியாற்றிய தமிழ் ஏடு அதுவே.

ஒரு மனிதரின் தகுதியை இகழ்ந்து எழுதிய சில வரிகள், ஒரு நாட்டின் பத்திரிகை வரலாற்றையே தொடங்கி வைத்தன. ஐயரோ ஏடுகளில் மறுப்பு எழுதவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அவ்விருக்கையில் அமர்ந்து எழுதிய தீர்ப்புகளே அவருடைய மறுப்பு. 1893இல் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸ் விடுப்பில் இருந்தபோது, ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். அவ்வாண்டு மே மாதத்தில் கே.சி.ஐ.இ. பட்டம் பெற்றுச் 'சர்' ஆனார். ஆனால் தற்காலிகமாக அமர்ந்த அவ்விருக்கையில் இந்தியர் ஒருவர் நிலையாக அமர்வதற்கு, 1948இல் பி. வி. ராஜமன்னார் வரும்வரை, மேலும் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மரபுக்கும் மாற்றத்துக்கும் இடையே

நீதிபதியின் பணி மன்றத்தோடு முடிவதன்று. மலபார்ப் பகுதியில் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியோரின் திருமண உறவைச் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. அதற்குச் சட்ட வடிவம் தரவேண்டும் என்று சி. சங்கரன் நாயர் 1890இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அதனை ஆராய 1891இல் மலபார்த் திருமண ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் முத்துசாமி ஐயர். சங்கரன் நாயரும், 'இந்துலேகா' நாவலை எழுதிய ஓ. சந்து மேனனும் உறுப்பினர்களில் அடங்குவர். ஆணையத்தின் பணியின் விளைவாக 1896இல் மலபார்த் திருமணச் சட்டம் நிறைவேறியது. பதிவு செய்ய விரும்பியோர் செய்துகொள்ளலாம் என்பதே அச்சட்டத்தின் தன்மை. முன்வந்து பதிவு செய்தோர் மிகச் சிலரே. மக்கள் மனம் ஏற்காத சட்டம் தாளில் மட்டுமே வாழும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஐயர் கலகக்காரர் அல்லர். கடல் கடக்க மறுத்த அதே இளைஞர்தான் முதுமையிலும். ஆட்சியின் சட்டத்தை ஆட்சியாளர்மீதே செலுத்த அவர் அஞ்சவில்லை; ஆனால் அச்சட்டத்தையோ, தாம் பிறந்த மரபையோ முற்றும் எதிர்த்து எழவும் இல்லை. இதனைக் குறையென்று சிலர் கூறலாம். ஆயினும், கதவே திறவாத மாளிகையில் முதலில் நுழைபவர், தம்மை ஒவ்வொரு நொடியும் நூறு கண்கள் எடைபோடுவதை அறிவார். அவர் ஒருமுறை தவறினால், தவறியவர் முத்துசாமி என்று எவரும் சொல்லமாட்டார்கள்; இந்தியர் தவறினர் என்றே சொல்வார்கள். அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு தவறாமல் நின்றதே அவர் சாதனை. அவர் 1895 சனவரி 25ஆம் நாள், 63 வயது நிறைவதற்கு மூன்று நாட்களே இருந்தபோது, திடீரென மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இருக்கையில் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமர்ந்தார். கதவு மீண்டும் மூடப்படவில்லை. 1892இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடத்துள் இன்றும் முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை வீற்றிருக்கின்றது.

மலையகத்தோடு உள்ள உறவு

சென்னை நீதிபதி ஒருவரின் வரலாறு மலேசியத் தமிழர்க்கு எதற்கு என்ற வினா எழலாம். அவர் விளக்கம் கூறிய சட்டங்கள் அவரைப்போல் கரையிலேயே நின்றுவிடவில்லை. கடல் கடந்து வந்தன. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட தண்டனைச் சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவின் இன்றைய தண்டனைச் சட்டம் அதன் வழிவந்தது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872இன் இந்தியச் சட்டங்களை அடியொற்றியவை. இந்தியாவே தன் பழைய தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் 2024 சூலையில் மாற்றிவிட்டது. மலேசியாவிலோ அவற்றின் வாரிசுகள் இன்றும் வாழ்கின்றன. 1876இல் தொடங்கிய இந்தியச் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் சென்னை நீதிபதிகளின் தீர்ப்புகள் அச்சாயின. அத்தொகுதிகள் மலாயா மன்றங்களிலும் மேற்கோளாகப் புரட்டப்பட்டன. 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை, மலேசிய இந்துக்களின் திருமணம் இந்து மரபையும் வழக்கத்தையும் ஒட்டியே மதிக்கப்பட்டு வந்தது.

சட்டம் வந்தது, நீதியும் உடன் வந்ததா? தோட்டத் தொழிலாளியின் கண்ணில் நீதிமன்றம் நெடுங்காலம் அச்சத்துக்குரிய இடமாகவே இருந்தது. ஒப்பந்தக் கூலி முறையின்கீழ், வேலையை விட்டு ஓடுவது கடனை மீறிய செயலாக அல்லாமல் குற்றமாகவே கருதப்பட்டது. ஓடியவன் சிறைக்கு அனுப்பப்பட்டான். அம்முறை 1910இல்தான் ஒழிந்தது. நடுவரின் மொழி அவனுக்குப் புரியாது. அவன் மொழி நடுவருக்குப் புரியாது. இருவருக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளரின் சொல்லில் அவன் வாழ்வு ஊசலாடியது. திருவாரூர்க் கணக்கரிடம் வேலை செய்த ஒருவர் மேடையில் அமர்ந்தபோது நீதிக்கு ஏற்பட்ட நன்மை யாது என்பதை, அத்தகைய காட்சியோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். வழக்காடுவோரின் வாழ்வை அறிந்தவரும் மன்றத்தில் இருத்தல் வேண்டும்.

விளக்கு எவருக்கு எரிந்தது?

இனி, தெருவிளக்குக்குத் திரும்பலாம். ஏழையாயினும் முயன்றால் உயரலாம் என்று இக்கதையைச் சொல்லி முடிப்பது வழக்கம். அது பாதி உண்மையே. விளக்கு தெருவில் எரிந்தது; ஆனால் அத்தெருவில் நடக்கவே உரிமையற்ற பிள்ளைகள் அந்நாளில் இருந்தனர். முத்துசாமி வறியவர்; ஆயினும் எழுத்தறிவை மறுக்காத குலத்தில் பிறந்தவர். அவருக்குத் தமிழும் கணக்கும் கற்பிக்கத் திண்ணைப் பள்ளி இருந்தது. திறமையைக் கண்டறிய ஒரு தாசில்தார் இருந்தார். பரிசளிக்க ஒரு கல்வி மன்றம் இருந்தது. பிறப்பைக் கேளாமல் மதிப்பெண்ணை மட்டும் கேட்ட ஒரு தேர்வு இருந்தது. அதே வட்டாரத்தில் சேற்றில் நாற்று நட்ட உழைப்பாளியின் மகனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுள்ளும் ஒரு முத்துசாமி இருந்திருக்கக் கூடும். அவன் கப்பலேறினான்.

தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற இருக்கையில் அமர்வதற்கு, முத்துசாமி ஐயரின் நியமனத்துக்குப் பின்னும் 95 ஆண்டுகள் ஆயின. திருப்பத்தூரில் பிறந்த ஏ. வரதராஜன் 1973இல் அவ்வுயர்நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1980இல் இந்திய உச்ச நீதிமன்றத்திற்கு உயர்ந்து, அச்சமுதாயத்தின் முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி என்ற பெருமையும் பெற்றார். முதற்கதவை முத்துசாமி ஐயர் திறந்தார். உட்கதவு திறக்க இன்னொரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

யான் முதல் சுங்கை பட்டாணி வரை பரவிய தோட்டங்களில், நெல்வயலின் ஓரத்தும் ரப்பர் மரத்தின் நிழலிலும் எழுந்த தமிழ்ப் பள்ளிகளின் பொருள் இந்த வெளிச்சத்தில்தான் விளங்கும். ஓலைக் கொட்டகையும், ஓராசிரியரும், ஒரு கரும்பலகையுமே பலவற்றுக்குத் தொடக்கம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் அங்கே குறைவில்லை; விளக்குக்கு அங்கே பஞ்சமில்லை. விளக்கைக் கண்டு நின்று, அதன் அருகே குனிந்திருந்த முகம் யாருடையது என்று கேட்ட தாசில்தார்களுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே, இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முத்துசாமியைப்போல் படி என்று கூறுவது கடமையின் பாதியே. முத்துசாமி நாயக்கரைப்போல் இரு என்று பெரியவர்களுக்குக் கூறுவது மறுபாதி. தோட்டத்து மேலாளர், சங்கத் தலைவர், வணிகர், அரசு அலுவலர், ஆசிரியர் ஆகிய ஒவ்வொருவரின் பார்வையிலும் ஆண்டுதோறும் சில சிறுவர் சிறுமியர் வந்து செல்கின்றனர். அவர்களில் கரை உடைந்த செய்தியைக் கேட்டவுடன் கணக்கோடு வந்து நிற்கும் பிள்ளை எது என்று பார்ப்பதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

நீதி என்பது மன்றத்தில் தீர்ப்பு எழுதும்போது மட்டும் தொடங்குவதன்று. தகுதியுடையவர்க்குத் தகுந்த இடம் கிடைக்கச் செய்வதிலேயே அது தொடங்குகின்றது. திருவாரூரில் ஒரு தாசில்தார் அந்த நீதியைச் செய்தார். அதனால் சென்னைக்கு ஒரு நீதிபதி கிடைத்தார்.